குறுக்கே வந்த வரி

"வாயைத் திறந்து பேசும்மா! யாருக்குக் கேக்கும் இது?"

டீம் லீடர் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது. ஆபீஸில் அவருக்கு ஒலிபெருக்கி என்றுதான் பெயர். புதிதாக வந்த டெஸ்டர் பெண்ணுக்கோ குரல் தொண்டையைத் தாண்டாது.

"செய்தி மாறிப் போகுது சார்," என்றாள் மறுபடி. "ஒருத்தருக்கு அனுப்பினது இன்னொருத்தர் திரையிலயும் வருது."

ஒரு மருத்துவமனைக்கான சர்வர் அது. எத்தனை நோயாளிகள் ஒரே நேரத்தில் எழுதினாலும், அவரவர் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சாயங்காலம் ஒப்படைத்தாக வேண்டும்.

"நான் எழுதின புரோகிராம்! ஊரே திரண்டு வந்தாலும் அசராது," என்றார் ஒலிபெருக்கி. "காலையில நானே இதுலதான் எச்.ஆர். மேடத்துக்கு எழுதினேன். பதில்கூட வந்துச்சு!"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"உன் திரையில வந்ததைக் காட்டு, பார்க்கலாம்," என்றார் மேனேஜர்.

"அழிச்சிட்டேன் சார்."

"அழிச்சிட்டியா? டெஸ்டரே ஆதாரத்தை அழிச்சா எப்படிம்மா?"

"வந்திருந்தாத்தானே அழிக்க! அம்மணி கனவு கண்டிருப்பாங்க," என்று ஒலிபெருக்கி சிரிக்க, அறையும் சேர்ந்து சிரித்தது.

"இப்படி வேலை பார்த்தா உன்னை நிரந்தரமாக்கறதை நான் யோசிக்கணும்," என்றார் மேனேஜர்.

காது மடல் சூடானது அவளுக்கு. ஆனால் தப்பு எங்கே என்பதில் துளிச் சந்தேகமும் இல்லை.

"பழசு எதுக்கு சார்? புதுசாவே காட்டறேன்."

இந்தத் தடவை குரல் வாசல்வரை போனது.

"எல்லாரும் சர்வருக்குள்ள வாங்க. ஆளுக்கொரு நிறத்தோட பேரை அடிச்சு, உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கோங்க. ஒண்ணா, விடாமத் தட்டுங்க."

தட்டினார்கள்.

'சிவப்பு' என்று அனுப்பிய மேனேஜரின் திரையில் 'பச்சை' வந்து நின்றது. சிரிப்பு அடங்கியது.

"வர்றவங்களைக் கவனிக்க ஆளுக்கு ஆள் தனியா வெச்சிருக்கீங்க, அது சரி. ஆனா செய்தியைப் பரிமாற எல்லாருக்கும் ஒரே தட்டு. ஒருத்தர் எடுத்துட்டுக் கிளம்பறதுக்குள்ள இன்னொருத்தர் அதே தட்டுல வேற வெச்சிடறாங்க. ஆளுக்கொரு தட்டு குடுத்தாப் போதும் சார்."

"நாளைக்கு ஒப்படைச்சுக்கலாம். முதல்ல இதைச் சரி பண்ணுங்க," என்று எழுந்தார் மேனேஜர். போகிற போக்கில், "ஆதாரத்தை அழிக்கிற பழக்கத்தையும் விட்டுடும்மா," என்றார்.

கூட்டம் கலைந்தது. ஒலிபெருக்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு தெரிஞ்சவ, ஏம்மா அழிச்சே? அதைக் காட்டியிருந்தா நான் அப்பவே வாயை மூடியிருப்பேனே!"

அவள் எழுந்தாள். அவருடைய வலது பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொன்னாள்:

"அது நீங்க மேடத்துக்கு எழுதின வரி சார். 'வலது காது போயிடுச்சு, டீம்ல யாருக்கும் தெரிய வேண்டாம்'னு."