கை படாத கன்னம்

கத்தி கன்னத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது.

இறங்கவில்லை.

சலூன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். திருப்பூரில் பாதிப் பேருடைய தாடை அவருக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் மழிக்கிற கை என்று கடைக்குப் பேர்.

அந்தக் கை இன்று இறங்க மறுத்தது.

நாற்காலியில் அவர் மகன் தரணீஷ். பதினேழு வயது. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. முகமெல்லாம் நுரை. கண்களை மூடியிருந்தான்.

"என்னங்ணா, தொழில் மறந்து போச்சுங்களா?"

பெஞ்சிலிருந்து செல்லமுத்து. பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையில் அவர்தான் முதல் ஆள். இன்று அவரைக் காக்க வைத்துவிட்டு மகனுக்கு நாற்காலி.

"சித்தே இருங்க மாஸ்டர்."

"மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாத்தாச்சா? இத்தனை யோசனை!"

அவர் சிரிக்கவில்லை.

போன வருஷம் இந்த முகத்தில் விரல் வைக்க இடமில்லை. நெற்றியிலிருந்து தாடை வரை பரு, சீழும் சிவப்புமாய். ஒன்று வற்றினால் பக்கத்தில் இரண்டு. பையன் மாஸ்க்கைக் கழற்றாமலே பள்ளிக்கூடம் போய் வந்தான். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான்.

அப்பா சும்மா இருப்பாரா? ஊருக்கே ஃபேஷியல் செய்கிறவர்.

கூட்டமில்லாத மதியங்களில் இதே நாற்காலி. ஆவி பிடிக்க வைத்தார். ஸ்க்ரப் போட்டார். கம்பியை வைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கினார். பையன் கைப்பிடியை இறுக்கிக்கொண்டான்.

மறுநாள் முகம் இன்னும் வீங்கியிருக்கும்.

அவர் இன்னும் அழுத்தித் தேய்ப்பார்.

கடைசியில் தோல் டாக்டர். அந்த அம்மா விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"யாருங்க இப்படிப் போட்டுத் தேய்ச்சது?"

அப்பா இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

"நான்தாங்க மேடம்," என்றான் தரணீஷ்.

பட்டென்று. யோசிக்காமல்.

மாத்திரை எழுதினார்கள். இரவில் பூச ஒரு பட்டாணி அளவு ஜெல். முதலில் பரு அதிகமாகும், பயந்து விட்டுவிடாதீர்கள் என்றார்கள். அதிகமானது. பையன் அழுதான். விடவில்லை.

"அப்புறம் ஒண்ணு. முகத்துல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது," என்று அன்றைக்கே சொல்லி அனுப்பியிருந்தார் டாக்டரம்மா.

யாரும்.

அப்பா வைக்கவில்லை. மகனுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடக் கழுத்தில்தான் தொட்டுப் பார்த்தார். பகலெல்லாம் யார் யாருடைய கன்னத்தையோ தடவிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நேற்று டாக்டரம்மா சிரித்தார். இனி ஷேவ் பண்ணிக்கலாம். காயம் மட்டும் படக் கூடாது.

நாளைக்குக் காலேஜில் முதல் நாள். மகன் தானாகவே கடைக்கு வந்தான். தானாகவே நாற்காலியில் ஏறினான்.

"ம்... ஆரம்பிங்கப்பா."

கத்தியை இறக்கினார்.

சர்ரென்று ஒரு கோடு.

நுரை விலகிய இடத்தில் தோல் தெரிந்தது.

வெறும் தோல்.

பிளேடு எங்கும் தட்டவில்லை. மேடில்லை. சீழில்லை. ஆங்காங்கே மங்கலான தடங்கள் மட்டும், மழை நின்ற மறுநாள் மண்ணில் கிடக்கிற மாதிரி. இன்னொரு கோடு இழுத்தார். இன்னொன்று. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முகம் வெளியே வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது?

செல்லமுத்து எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. கண்ணாடிக்குள் அவர் வாய் பிளந்திருந்தது.

"அட சாமி... நம்ம தம்பிங்களா இது?"

"என்னங்ணா போட்டீங்க? எந்த ஃபேஷியல்?"

"வைத்தியம் டாக்டருதுங்க மாஸ்டர்."

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்களா?"

"கையை எடுத்தேன்."

மிச்சம் தாடையின் ஓரம். அங்கேதான் எலும்பு வளைகிறது. அங்கேதான் வெட்டும். தோலைக் கட்டை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்தார். பிடித்தாரா, காற்றில் வைத்திருந்தாரா, அவருக்கே நிச்சயமில்லை. கத்தி வளைந்தது. இறங்கியது.

முடிந்தது.

வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் பொட்டு.

அவருக்கு உலகம் நின்றது.

ரத்தம்!

குனிந்தார். இடது கன்னம். இல்லை. வலது. இல்லை. தாடைக்கு அடியில், காதோரம், மேலுதட்டில். ஈரத் துண்டால் ஒற்றி ஒற்றித் தேடினார். எங்கும் இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது அந்த முகம்.

துணியில் இன்னொரு சொட்டு விழுந்தது.

அப்போதுதான் தன் கட்டை விரலைப் பார்த்தார். நீளமான கீறல். ஆழம்.

"முடிஞ்சுதுங்களாப்பா?"

"முடிஞ்சுது கண்ணு."

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தரணீஷ் கண் திறந்தான். கண்ணாடியைப் பார்த்தான். தலையை இந்தப் பக்கம் திருப்பினான். அந்தப் பக்கம் திருப்பினான். பிறகு, ரொம்ப நாள் பழக்கத்தில் மாஸ்க்கைத் தேடிப் பைக்குள் போன கை, பாதியில் நின்றது.

"வலிக்கவே இல்லீங்கப்பா."

அவர் திரும்பி நின்று படிகாரத்தை எடுத்தார். தண்ணீரில் நனைத்தார். கட்டை விரலில் வைத்து அழுத்தினார்.

எரிந்திருக்க வேண்டும். எரியவே இல்லை.