தங்க ஊர்ச் சுற்றுலா

கிண்ணியா ஊர் ஸப்வான் கடற்கரையோரமாகத் தன் வான் வண்டியில் ‘தங்க ஊர்ச் சுற்றுலா’ நடத்திவந்தான். அந்தக் கரையில் யாரும் தங்கம் எடுத்ததில்லை. கதையெல்லாம் அவனே கட்டியது.

அன்று ஏறியவர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறிய சிறிலும் அவர் மனைவி ஐவியும்.

இலங்கைத்துறையில் இடிந்துகிடந்த மீன்வாடிக் கொட்டகை ஒன்றைக் காட்டினான்.

“இதுதான் தங்கம் உருக்கின இடம், சேர். கப்பல் கப்பலா சனம் வந்து இறங்கின. ஒரு மூக்குத்தியளவு தங்கத்துக்காக அண்ணனும் தம்பியும் இவ்விடத்திலதான் வெட்டுப்பட்டுச் செத்தவங்க.”

ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிறில் மெல்லக் கேட்டார்: “எல்லாம் பொய்தானே, தம்பி?”

ஸப்வான் குரலைத் தாழ்த்தினான். “சேர், இன்டர்நெட்டில எழுதிப்போடாதீங்க. எனக்கு வேற தொழில் இல்ல.”

“பயப்படாதீங்கோ. நாங்கள் இருக்கிற ஊரில மெய்யாவே தங்கம் எடுத்தவங்கள். பழைய சுரங்கம் இருக்கு, மியூசியம் இருக்கு. நான்தான் அதுக்குப் பொறுப்பு.”

“அப்ப என்னத்துக்கு சேர் இங்க வந்தனீங்க?”

சிறில் பெருமூச்சு விட்டார்.

“உண்மையைச் சொல்லிச் சொல்லி, இப்ப அங்க ஒருத்தரும் வாறேல்ல. நீங்கள் வந்து எங்களுக்கு கைடா நிக்க ஏலுமா?”