காயாத சப்பாத்துகள்

விடிந்து வெகுநேரமாகியும் அந்த ஜெர்மன் நகரத்தில் பனி கொட்டுவது விட்டபாடில்லை. பொலிஸ் தலைமை அதிகாரியின் அறைக்கு முன்னாலுள்ள நடைவழியில் பொலிஸாரின் பத்தொன்பது சோடி கறுப்புச் சப்பாத்துகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றிலிருந்து கசியும் தண்ணீர், குழல்விளக்கின் வெளிச்சத்தையும் இழுத்துக்கொண்டு தரையில் பரவுகிறது. கடைசிச் சோடி திரேசாவுடையது. பொலிஸ் சங்கத்தின் பிரதிநிதியான அந்தத் தமிழ்ப்பெண் வெறும் காலுறையோடு சுவரோரம் நிற்கிறாள். குளிர் பாதத்தில் ஏறுகிறது. ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எட்டு மணித்தியாலம்தான் ஓய்வு, அதற்குள் சப்பாத்துக்கூடக் காய்வதில்லை என்று தலைமை அதிகாரிக்குச் சங்கம் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. தரை துடைக்க வந்த துப்புரவுப் பணியாளர் ஜெகதீஸ்வரன் திகைத்து நிற்கிறார். "என்ன பிள்ளை இது? ஆர் வைச்சது?" "நாங்கள்தான் அண்ணை. உள்ள இருக்கிற பெரியவர் பார்க்குமட்டும் எடுக்கமாட்டம்." "வேலைக்குப் பிரச்சினை வராதோ?" "வரட்டும்." கதவு திறக்கிறது. தலைமை அதிகாரியின் முகம் சிவக்கிறது. "இதையெல்லாம் உடனே அள்ளுங்கள்!" என்று ஜெகதீஸ்வரனிடம் ஜெர்மனில் சீறுகிறார். ஜெகதீஸ்வரன் திரேசாவின் காலுறைகளை ஒருதரம் பார்க்கிறார். பிறகு துடைப்பத்தை வாளியில் தோய்த்து, வாசற்படியிலிருந்து நடைவழி முழுவதும் ஆற அமர இழுக்கிறார். வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் பலகையை அதிகாரியின் காலடியில் விரித்து நிறுத்துகிறார். "தரை காயட்டும்" என்கிறார், தன் உடைந்த ஜெர்மனில். அதிகாரி வாசலிலேயே நிற்கிறார். எதிரே பார்ப்பதற்குச் சப்பாத்துகளைத் தவிர வேறொன்றும் இல்லை. திரேசா காலுறை நனைய ஈரத்தில் நடந்து போய், மஞ்சள் பலகைக்கு மேலாக நான்காவது கடிதத்தை நீட்டுகிறாள்.