அண்ணியின் சிவந்த கண்கள்

ஒரு மாத வெளியூர் வேலை முடிந்து தங்கை நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தாள். கதவைத் திறந்த அண்ணியின் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணா, அண்ணியை அழவச்சே கொல்றியா? அப்பா குணம் அப்படியே உனக்கும் வந்துடுச்சு!"

அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"ஐயோ, அவரைத் திட்டாதே. இது அலர்ஜி" என்று அண்ணி சொட்டு மருந்தைக் காட்டினாள்.

"அவனுக்கு வக்காலத்து வாங்காதீங்க அண்ணி. மருந்து போட்டா சரியாகாதா?"

"மூணு நாளைக்கு மேல போடக்கூடாதாம். நான் ஒரு மாசமா போட்டேன். இப்ப சிவப்பு இன்னும் அதிகமாயிடுச்சு. அலர்ஜி எதனால வருதோ, அதை முதல்ல வீட்டை விட்டு அனுப்புங்கன்னு டாக்டர் திட்டினார்."

"அனுப்ப வேண்டியதுதானே?"

அண்ணி தயங்கினாள். அண்ணன் எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் திறந்தான். தங்கை ஊருக்குப் போகும்போது விட்டுச்சென்ற பூனை ஓடிவந்து அவள் காலை உரசியது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணி?"

"வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்திருப்பே."

தங்கை பூனையை வாரியெடுத்தாள். "மன்னிச்சுடு அண்ணா" என்பதை அதன் முதுகைப் பார்த்துத்தான் அவளால் சொல்ல முடிந்தது.