புண்ணியவான் எழுதிய கட்டுரை

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே மாமனாரை நடக்கச் சொன்னாள் மருமகள்.

"இப்படியே படுத்திருந்தா கால் மடங்காமலே போயிடும், மாமா."

"நீ என்ன டாக்டரா?"

"இல்லை மாமா."

"அப்ப சும்மா இரு. நடந்தா தையல் பிரிஞ்சிடும்."

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். "ஐயா, மறுநாளே நடக்கறவங்கதான் சீக்கிரம் தேறுறாங்கன்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கு. அதைப் படிச்சுத்தான் எங்க ஆஸ்பத்திரியில வைத்தியத்தையே மாத்தினோம்."

மாமனார் மறுபேச்சில்லாமல் மருமகளின் கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இறங்கினார்.

"கேட்டியாம்மா? இதுதான் படிச்சவங்க பேச்சு! எழுதின புண்ணியவான் யாரு டாக்டர்?"

"நீங்க கையைப் பிடிச்சிருக்கீங்களே, இவங்கதான்."

மாமனார் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் பெருமையாகச் சொன்னார்:

"அதானே பார்த்தேன். எங்க குடும்பத்து மூளை வேற எங்க போகும்!"