ஸ்பானரை விட்டுட்டேன்

"உங்க மச்சினர் நேத்து திரும்பி வந்தாருங்க" என்று மருந்துக்கடைக்காரர் போனில் சொன்னபோது, மெக்கானிக் ஒரு நர்ஸின் வீட்டு வாசலில் அவர் காருக்கு முன் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு?"

"நீங்க வேலையை முடிச்சுக் கிளம்பின கொஞ்ச நேரத்துல வந்தார். ஸ்பானரை விட்டுட்டாராம். தேடுறேன்னு காருக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தார். சும்மா உங்க காதுல போட்டு வைக்கலாம்னுதான்."

மெக்கானிக் போனை வைத்தார். போன வாரம் ஒரு டீச்சரும் இதையேதான் சொன்னார். அங்கே விட்டுப் போனது துடைக்கிற துணியாம்.

மெக்கானிக்கின் தொழிலில் ஸ்பானர் தொலைகிற பேச்சுக்கே இடமில்லை. வீடு தேடி வந்து கார் பழுது பார்ப்பவர். வேனின் பின்கதவைத் திறந்தால் ஒரு மடக்கு மேசை, அதன் மேல் ரப்பர் விரிப்பு. வேலைக்கு வேண்டிய சாமான்களை வரிசைப்படி இடது பக்கம் அடுக்குவார். ஒவ்வொன்றும் அதன் வேலை முடிந்ததும் வலது பக்கம் போகும். இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது. அதற்கப்புறம் துடைத்து எடுத்து வைப்பது அவருடைய மனைவியின் தம்பி பொறுப்பு.

"என் கை பட்ட வண்டி திரும்பி வராது" என்று எல்லோரிடமும் மார்தட்டுவார். உண்மைதான், எந்த வண்டியும் திரும்பி வந்ததில்லை. மைத்துனன்தான் வண்டிகளைத் தேடித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

எதற்கு? புதுச் சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டுகிறானா? எதையாவது கெடுத்து வைத்து, மாமன் பெயரை நாறடித்து, தனியாக வேன் போடப் பார்க்கிறானா? அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றது மனசு. அப்படியானால் பொய் எதற்கு என்று அதே மனசு கேட்டது. ஜாக்கியை இறக்கிவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு எதுக்குப் போன?"

"ஸ்பானரை விட்டுட்டேன் மாமா."

"எந்த ஸ்பானர்?"

மைத்துனன் ரப்பர் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர் வீட்டுல துணி, இவர் வீட்டுல ஸ்பானர். அடுத்து என்ன, வேனையே விட்டுட்டு வருவியா?"

"தப்பா ஒண்ணும் பண்ணலை மாமா. இதுக்கு மேல கேக்காதீங்க."

"சரி, கேக்கலை. நீ இனிமே வேலைக்கு வர வேணாம்."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். கோபத்தில் மெக்கானிக் விரிப்பில் கிடந்ததையெல்லாம் ஒரே வாரலாக வாரிப் பெட்டியில் போட்டார். நர்ஸிடம் சாவியைக் கொடுத்து, வழக்கமான வசனத்தையும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ராத்திரி மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். தன் தம்பி அடுத்தவர் பொருளைத் தொடமாட்டான் என்றாள். பின்னே எதற்குப் போகிறான் என்று இவர் கேட்டார். தம்பிக்காரன் அவளிடமும் வாயைத் திறக்கவில்லையாம். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு வக்கீல் வீட்டில் பிரேக் வேலை. ஒற்றை ஆளாகச் செய்தார். போன் வேறு ஓயவில்லை. எழுந்து போய்ப் பேசுவதும் திரும்பி வந்து குனிவதுமாக ஒருவழியாக முடித்து, வக்கீலிடம் முடிந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டார். எடுத்து வைக்க ஆளில்லாததால் தானே மேசைக்கு வந்தார்.

இடது பக்கம் டார்க் ரெஞ்ச் கிடந்தது. சக்கர நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது அதுதான். போதுமான அளவு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும்.

இறுக்கினோமா, இல்லையா? யோசித்துப் பார்த்தார். போனில் பேசியதுதான் ஞாபகம் வந்தது. ரெஞ்சை ஒரு நட்டில் வைத்து அழுத்தினார். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டு போனது.

அடுத்த நட்டும் அப்படித்தான். எத்தனை நாளாக இப்படி? வேலை முடிந்ததும் கை கழுவப் போய்விடுவாரே தவிர, இடது பக்கத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்? பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். வாடிக்கையாளர் முன்னால் சொன்னால் மாமனின் மானம் போய்விடும் என்று, வேன் கிளம்பிய பிறகு தனியாகப் போய் இறுக்கிவிட்டு வந்திருக்கிறான். இதில் திருட்டுப் பட்டம் வேறு.

அப்போதுதான் நர்ஸின் கார் நினைவுக்கு வந்தது. அங்கேயும் நடுவில் போன் வந்தது. அவனையும் துரத்தியாயிற்று. அந்தம்மா பிள்ளைகளை அதில்தான் பள்ளிக்கூடத்தில் விடுவார்.

வக்கீலின் காரை இறுக்கிக் கொடுத்துவிட்டு நர்ஸுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு வேனை விரட்டினார். கார் நிறுத்துமிடத்தில் அந்தக் காரைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மண்டியிட்டு ரெஞ்சை வைத்தார்.

டிக். அடுத்ததும் டிக். அத்தனையும் கல் மாதிரி இறுகியிருந்தன.

அப்படியானால் நேற்று இறுக்கித்தான் இருக்கிறோமா? ஒன்றும் புரியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தபோது, வேலை முடிந்து நர்ஸ் வந்தார்.

"என்னங்க, மறுபடியும் பாக்கணுமா?"

"மறுபடியும்னா?"

"நேத்து உங்க வேன் தெருவைத் தாண்டினதுமே உங்க மச்சினர் வந்து ஒவ்வொரு நட்டா முறுக்கிட்டுப் போனாரே. மாமா ரொம்ப கவனமான ஆளு, ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாக்கச் சொல்லி அனுப்பினார்னு சொன்னார். ஏன், நீங்க அனுப்பலையா?"