ஐந்தாவது வரியில் ஓர் இருமல்

முதல் இருமல் முதல் வரியின் நடுவிலேயே வந்துவிட்டது.

நெய்ஜி திரும்பிப் பார்த்தாள். வேறு யார், வால்ஜிர்தான். காபி மூட்டை லாரி ஓட்டுகிறவன். ஐந்து வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் பிரேசிலின் லோண்ட்ரினா ஜப்பானியர் மன்றத்துக்கு வந்து, மற்றவர்களோடு உட்கார்ந்து ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் ஊதுகிறான். ஊதக் கற்றுக்கொண்டவன் ஒழுங்காக உட்காரக் கற்றுக்கொள்ளவில்லை.

மேடையில் ஒக்கிமோத்தோ கண்ணை மூடிக்கொண்டு மூங்கில் குழலை ஊதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பலகையில், ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்து இந்த மண்ணில் இறந்துபோனவர்களின் பெயர்கள். கடைசிப் பெயர் அவர் மனைவி மித்சுவேயுடையது.

ஒவ்வொரு ஜூனிலும் அவர்களுக்காக இந்த ஒரு பாட்டு. ஐந்தே வரி. வரிக்கு ஒரு மூச்சு. நடுவில் மூச்சு அறுந்தால் பாட்டும் அறுந்தது என்று அர்த்தம்.

முப்பத்தோரு வருடமாக அவர்தான் ஊதுகிறார். போன வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். "குடலிறக்கம்" என்றார். எல்லோரும் நம்பினார்கள்.

மன்றத் தலைவர் ஹமசாகி மட்டும் இன்று காலையில் பட்டென்று சொல்லிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஒக்கிமோத்தோ சான். இன்னிக்கு ஒரு இடத்துல மூச்சு விட்டுப்போச்சுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து ஸ்பீக்கர்ல ரெக்கார்டு போட்டுக்கலாம். செத்தவங்களுக்கு அரைகுறையா ஊதக் கூடாது பாருங்க."

"போட்டுக்குங்க" என்று ஒக்கிமோத்தோ சிரித்தார். சிரித்தபடியே குழல் துடைக்கிற துணியை நாலு தடவை மடித்து நாலு தடவை பிரித்தார். மன்றச் செயலாளர் நெய்ஜிக்கு அதைப் பார்த்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

இரண்டாவது வரி. மறுபடி இருமல்.

ஹமசாகி முன்வரிசையில் முகம் சுளித்தார். நெய்ஜி கைப்பையைத் திறந்தாள், மூடினாள். மிட்டாய் தேடினாள், கிடைக்கவில்லை. மனிதர் கவனம் சிதறி மூச்சை விட்டால் எல்லாம் போயிற்று.

மூன்றாவது வரியில் அவன் இருமியபோது எழுந்தே விட்டாள். குனிந்தபடி போய் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"உனக்கு என்ன, காசமா?"

"இல்லை தோனா நெய்ஜி."

"அப்புறம் எதுக்கு இருமித் தொலைக்கிற? இன்னிக்கு அந்த மனுஷனுக்கு என்ன நாள்னு தெரியுமா?"

"தெரியும். என்னை உள்ளே விடுங்க. நாலாவது வரி ரொம்ப நீளம்."

"நீளமா இருந்தா என்ன? நிம்மதியா ஊதட்டும்."

"தோனா நெய்ஜி, சொன்னாக் கேளுங்க—"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கைஜின், வெளியாள்னு யாராவது சொன்னா மட்டும் உங்க ஆளுங்களுக்குக் கோவம் வருது. அமைதியா இருக்கிறதெல்லாம் ரத்தத்துல வரணும்."

அவன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நகரவில்லை.

"நாளைக்கு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்ப கதவை விடுங்க."

அவள் விடவில்லை. சமையலறையில் பஸ்தேல் பொரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் அவனைத் தள்ளினாள். "இவனுக்குத் தேன் கொடுங்க. பாட்டு முடியற வரைக்கும் வெளியே விடாதீங்க."

உள்ளே வந்து கதவோரம் நின்றாள். நாலாவது வரி தொடங்கியிருந்தது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்பாடா என்றிருந்தது.

பாதி வரி வந்திருக்கும். நாதம் மெலிந்தது. நடுங்கியது. நின்றது. "ஹக்" என்று மனிதர் காற்றை விழுங்கிய சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஹமசாகி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நெய்ஜிக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் வரியில் பாதி. இரண்டாவதில் பாதி. மூன்றாவதிலும் அதே பாதி. ஒவ்வொரு தடவையும் மூச்சு இழுக்க ஒக்கிமோத்தோவின் தோள் சற்று உயர்ந்த இடத்தில்தான் அந்த லாரிக்காரன் இருமியிருக்கிறான். அது குடலிறக்கமே இல்லை, நுரையீரல்.

இன்னும் ஒரு வரி இருந்தது. அவனைக் கூப்பிட நேரமில்லை.

ஐந்தாவது வரி எழுந்தது. நெய்ஜி அவர் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் அசைந்த மாதிரி இருந்தது.

இருமினாள். பழைய லாரி கிளம்புகிற மாதிரி, நிறுத்தாமல், கண்ணில் நீர் வரும் வரை இருமினாள். நாலு பக்கமிருந்தும் "உஷ்" என்றார்கள்.

பாட்டு முடிந்தது. ஹமசாகி நேரே அவளிடம் வந்தார்.

"நாலாவது வரியில ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

"கதவு. எண்ணெய் போடணும்."

"அதானே. அந்தச் சத்தத்துல திடுக்கிட்டுத்தான் ஒரு நொடி நிறுத்திட்டார் போல. மனுஷனுக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷமும் அவரே ஊதட்டும். இந்த இருமற ஆளுங்களைத்தான் வாசல்லயே நிறுத்தணும். நீங்களுமா தோனா நெய்ஜி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வால்ஜிர் கையில் தேன் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் நின்றான். அவன் கண்ணைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

"என்னை மன்னிச்சுடு" என்றாள். அவன் கிண்ணத்தை அவளிடமே நீட்டினான்.

ஒக்கிமோத்தோ மேடையிலிருந்து மெல்ல இறங்கி வந்தார். குழலை உறையில் போட்டு முடிச்சிட்டுவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"கொஞ்சம் முந்திட்டீங்க. நல்லவேளை, நீளமா இருமினீங்க. அடுத்த வருஷத்துக்குள்ள வால்ஜிர்கிட்ட ஒழுங்காக் கத்துக்குங்க."